அதிக வாக்கு பெற்றும் அதிபராகாதவர்கள்

2016 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் 6,58,53,514 வாக்குகள் பெற்றார். டொனால்டு டிரம்ப் பெற்றவை 6,29,84,828. வித்தியாசம் 28 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அதிபரானவர் டிரம்ப். மிஷிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 என மூன்று மாநிலங்களில் அவர் முந்திய வாக்குகளைக் கூட்டினால் 77,744 வரும். அந்த 77 ஆயிரத்துக்கு முன்னால் 28 லட்சம் செல்லாக்காசாகிப் போனது.

இப்படி நடந்தது அது முதல் முறையல்ல. 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில் நாடு முழுவதிலும் அதிக வாக்கு பெற்றவர் தோற்றிருக்கிறார். ஒரே பழுது ஐந்து முறை வெளிப்பட்டது என்பதுபோல இவற்றை ஒரே பட்டியலில் அடுக்கிவிடுவது வழக்கம். அருகில் சென்று பார்த்தால் அவை மூன்று வகையான பழுதுகள். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தேர்தல் முறையைப் பற்றிப் பேசினால், யாருடைய வாக்கு எண்ணப்பட்டது, யாருடைய வாக்கு பெட்டிக்கே போகாமல் தடுக்கப்பட்டது என்ற அடிப்படைக் கேள்வி மறைந்துபோகும்.

தொகுதிவாரித் தேர்தல்களில் வாக்கும் இடமும் முரண்படுவது இந்திய வாசகருக்குப் பழக்கமானதுதான். 2018இல் கர்நாடகத்தில் காங்கிரஸ் சுமார் 38 சதவீத வாக்கு பெற்றும், சுமார் 36 சதவீதம் பெற்ற பாரதிய ஜனதா 104 இடங்களுடன் முதலில் வந்தது. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் நூலிழை அளவு கூடுதல் வாக்கு பெற்ற பாரதிய ஜனதா 109 இடங்களோடு நின்றது. 114 இடங்கள் பெற்ற காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு தொகுதியும் தனக்கென ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்காவில் நாடு முழுவதும் சேர்ந்து ஒரே ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறது. அப்படி இருந்தும் இடையில் ஒரு குழு நிற்கிறது.

தேர்வாளர் குழுவின் பிறப்பு

அமெரிக்க வாக்காளர் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தம் மாநிலத்தின் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனையுடன், செனட் இடங்கள் இரண்டையும் சேர்த்தால் வருவது அதன் தேர்வாளர் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்கு உரிய மூன்றையும் சேர்த்து மொத்தம் 538. வெல்ல 270 வேண்டும்.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பை எழுதக் கூடியவர்களில் ஜேம்ஸ் வில்சன், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அதே ஆண்டு ஜூலை 19 அன்று பேசிய ஜேம்ஸ் மேடிசனும் மக்கள் வாக்கே தகுந்த வழி என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு சிக்கலையும் சொன்னார்: வடக்கில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது, தெற்கிலோ மக்களில் பெரும் பகுதி அடிமைகள், அவர்களுக்கு வாக்கில்லை, நேரடித் தேர்தல் என்றால் தெற்கின் செல்வாக்கு சுருங்கிவிடும். தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிரதிநிதிகள் சபைக்கு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணப்பட்டார். அந்தக் கணக்கே தேர்வாளர் எண்ணிக்கைக்கும் வந்தது. அடிமையின் கையில் வாக்கு இல்லை. ஆனால் அவர் இருப்பதாலேயே அவருடைய எசமானின் மாநிலத்துக்கு எடை கூடியது.

1800ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் வர்ஜீனியாவைவிட அதிகம். அந்தக் கணக்கெடுப்பைக் கொண்டு பங்கிட்டபோது வர்ஜீனியாவுக்கு 24 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 20. நாட்டின் முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்கள். பெரிய மாநிலம், சிறிய மாநிலம், வாக்காளரின் அறியாமை பற்றிய அச்சம் எனப் பல காரணங்கள் அந்த மாநாட்டில் கலந்திருந்தன. ஆனால் அடிமைமுறைக்குக் கிடைத்த இந்த ஆதாயத்தைத் தவிர்த்துவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியாது.

இன்னொரு விதி பின்னால் வந்தது. மாநிலத்தில் முதலில் வருபவருக்கே அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் என்ற விதி அரசியலமைப்பில் இல்லை. அதைப் புகுத்தியது கட்சிக் கணக்கு. 1796இல் வர்ஜீனியா மாவட்டவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வாக்கு ஜான் ஆடம்ஸுக்குப் போனது. தாமஸ் ஜெஃபர்சன் அந்தத் தேர்தலில் 68க்கு 71 என்ற கணக்கில் தோற்றார். 1800இல் வர்ஜீனியா விதியை மாற்றி, எல்லாத் தேர்வாளர்களையும் ஒரே தொகுப்பாக்கியது. மறுபக்கம் மாசசூசெட்ஸும் தன் விதியை மாற்றிக்கொண்டது. ஒருவர் செய்தால் மற்றவரும் செய்தாக வேண்டிய போட்டி அது. 1836க்குள் தென் கரோலினா தவிர எல்லா மாநிலங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. மாவட்ட முறையையே தாங்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருந்ததாக மேடிசன் 1823இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்று மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன.

முதல் வகை: பெரும்பான்மை இல்லாத தேர்தல்

1824இல் நான்கு பேர் போட்டியிட்டார்கள். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. தேவைப்பட்ட 131 யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பிரதிநிதிகள் சபை முடிவெடுக்கும். ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1825 பிப்ரவரி 9 அன்று 13 மாநிலங்களின் ஆதரவோடு ஆடம்ஸ் அதிபரானார். சபைத் தலைவராக இருந்த கிளே அவரை ஆதரித்தார். பிறகு வெளியுறவுச் செயலாளர் பதவி கிளேக்குக் கிடைத்தது. ஊழல் பேரம் என்று ஜாக்சன் தரப்பு முழங்கியது. அந்த முழக்கமே 1828இல் ஜாக்சனை அதிபராக்கியது.

ஆனால் மொத்த வாக்கில் ஜாக்சன் முந்தினார் என்பதற்கு இங்கே எவ்வளவு பொருள் உண்டு? அவருக்குக் கிடைத்தது சுமார் 41 சதவீதம். பெரும்பான்மை அவரிடமும் இல்லை. நியூயார்க் உட்பட ஆறு மாநிலங்களில் மக்கள் வாக்கே நடக்கவில்லை. சட்டமன்றங்களே தேர்வாளர்களை நியமித்தன. வாக்களித்த மாநிலங்களிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. 1824இன் பழுது, யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது என்ன செய்வது என்ற விதியில் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற அந்த விதி இன்றும் அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது. இன்று அது பயன்பட நேர்ந்தால், 2020 கணக்கெடுப்பில் 3 கோடியே 95 லட்சம் பேர் இருந்த கலிஃபோர்னியாவும் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர் இருந்த வயோமிங்கும் சம எடை பெறும்.

இரண்டாம் வகை: துப்பாக்கி எழுதிய மொத்த வாக்கு

1876 தேர்தலைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் சுமார் 51 சதவீத வாக்கு பெற்றார். குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் சுமார் 48 சதவீதம். டில்டனிடம் 184 தேர்வாளர்கள் இருந்தார்கள். ஒன்று கிடைத்தால் போதும். ஹேய்ஸிடம் 165. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென்மாநிலங்களிலும் ஓரிகனில் ஓர் இடத்திலுமாக 20 வாக்குகள் தகராறில் இருந்தன. ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட 15 பேர் ஆணையம் அமைக்கப்பட்டது. கட்சி சாராதவர் என்று கருதப்பட்ட நீதிபதி டேவிட் டேவிஸை இல்லினாய் சட்டமன்றம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட, அவர் இடத்துக்கு ஜோசஃப் பிராட்லி வந்தார். ஒவ்வொரு தகராறிலும் 8க்கு 7 என்று ஹேய்ஸ் பக்கமே தீர்ப்பானது. முடிவு: 185க்கு 184.

இதை டில்டனிடமிருந்து பறிக்கப்பட்ட வெற்றி என்று சொல்வது எளிது. ஆனால் அந்த 51 சதவீதம் எப்படித் திரட்டப்பட்டது? உள்நாட்டுப் போருக்குப் பின் வாக்குரிமை பெற்ற கறுப்பின ஆண்கள் தெற்கில் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தார்கள். அவர்களைத் தடுக்க ஆயுதக் குழுக்கள் இறங்கின. 1876 ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினக் காவற்படையினரை வெள்ளையர் கூட்டம் முற்றுகையிட்டது. பிடிபட்டபின் சிலரைச் சுட்டுக் கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. மக்களில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையாக இருந்த மாநிலம் அது. அங்கே தேர்தல் நாளில் விழுந்த வாக்குகள், தகுதியுள்ள வாக்காளர் தொகையையே மிஞ்சின. குடியரசுக் கட்சியினரின் வாக்குச் சரிபார்ப்புக் குழுக்களும் எதிர்த்தரப்பு வாக்குகளை ஆயிரக்கணக்கில் தள்ளுபடி செய்தன. ஒரு பக்கம் அச்சுறுத்தல், இன்னொரு பக்கம் அழிப்பு. இதில் எந்த எண்ணை மக்களின் குரல் என்று எடுத்துக்கொள்வது?

1877 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டனில் வொர்ம்லி ஹோட்டலில் இரு கட்சிக்காரர்களும் சந்தித்துப் பேசினார்கள். ஹேய்ஸ் பதவியேற்பதைத் தடுப்பதில்லை. பதிலுக்குத் தெற்கில் கடைசியாக நின்ற மத்தியப் படைகள் அரசுக் கட்டடங்களிலிருந்து விலக வேண்டும். அந்த ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வொர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். அவருடைய மக்களின் பாதுகாப்பு அவருடைய கூரையின் கீழேயே விலை பேசப்பட்டது. ஏப்ரலில் படைகள் விலகின. வாக்குரிமை ஏட்டில் இருந்தது; நடைமுறையில் படிப்படியாக அழிந்தது.

1888 இதன் தொடர்ச்சி. அதிபராக இருந்த குரோவர் கிளீவ்லாந்து சுமார் 90 ஆயிரம் வாக்குகள் முந்தியும் 233க்கு 168 என்று பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். நியூயார்க்கில் ஹாரிசன் முந்தியது ஏறத்தாழ 14 ஆயிரம் வாக்குகளில். அந்த 36 தேர்வாளர்கள் கிளீவ்லாந்து பக்கம் சாய்ந்திருந்தால் அவரே வென்றிருப்பார். ஆனால் அவருடைய கூடுதல் வாக்குகள் தெற்கில் குவிந்தவை, கறுப்பினத்தவர் வாக்குச்சாவடிக்கு வரவே அஞ்சிய மாநிலங்களில் குவிந்தவை. குறைந்த வாக்கில் அதிபரான ஹாரிசன், தெற்கில் வாக்குரிமையைக் காக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் மசோதாவை ஆதரித்தார். 1890இல் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. செனட்டில் பேச்சை நீட்டி நீட்டியே அதை முடக்கினார்கள்.

இங்கேதான் தேர்வாளர் முறையின் ஆழமான தீங்கு இருக்கிறது. தேர்வாளர் எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது, வாக்களித்தோரைப் பொறுத்ததல்ல. ஒரு மாநிலம் தன் மக்களில் பாதிப் பேரை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டிவிட்டாலும் அதன் எடை ஒரு குண்டுமணி குறையாது. லூசியானாவில் 1896இல் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். புதிய மாநில அரசியலமைப்பு கல்வித் தேர்வு, சொத்துத் தகுதி, வாக்கு வரி என்று தடைகளை எழுப்பியபின், 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். அதே காலத்தில் லூசியானாவின் தேர்வாளர்கள் எட்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்தார்கள். அடிமைக் காலத்தில் ஐந்தில் மூன்று ஆளாக எண்ணப்பட்டவர், விடுதலைக்குப் பின் முழு ஆளாக எண்ணப்பட்டார்; வாக்கு மட்டும் அவர் கையில் இல்லை. வாக்குரிமையைப் பறிக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவத்தைக் குறைக்க வேண்டும் என்று 14ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அது ஒருமுறைகூடச் செயல்படுத்தப்படவில்லை.

மூன்றாம் வகை: விதியின் பழுது மட்டும்

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன்பின்தான் மொத்த வாக்கு என்ற எண் நாட்டின் விருப்பத்தைச் சொல்லும் தகுதியைப் பெற்றது. ஆகவே 2000, 2016 ஆகிய இரண்டிலும் பழுது நேரடியாகத் தெரிகிறது.

2000இல் ஆல் கோர் 5,43,895 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் முந்தியதாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் புஷ் அதன் 25 தேர்வாளர்களையும் பெற்று 271 என்ற எண்ணைத் தொட்டார். பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் இரு பக்கமும், துளையிடும் இடம் நடுவிலும் இருந்தன. இடப்பக்கப் பட்டியலில் கோர் பெயர் இரண்டாவது. அவருக்குரிய துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கம் இருந்த பாட் புகானனுக்கு உரியது. குழம்பியவர்கள் இரண்டு துளையிட்டார்கள். 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் அந்த ஒரு மாவட்டத்தில் இப்படிச் செல்லாமல் போயின. வேறு இடங்களில் துளையிலிருந்து முழுதாக விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத் துணுக்கை அலுவலர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மாநிலம் முழுவதும் மறு எண்ணிக்கைக்கு ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 12 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவர் வாக்கு தள்ளுபடியாகும் வாய்ப்பு மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக இருந்ததாக அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2001இல் அறிக்கை தந்தது. பழைய பழுது முற்றிலும் அகன்றுவிடவில்லை.

தேர்வாளர் முறையின் குறை என்றால், சிறிய மாநிலங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு இடங்களைத்தான் பலரும் சுட்டுகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 2000இல் புஷ் 30 மாநிலங்களை வென்றார். கோர் 20 மாநிலங்களையும் வாஷிங்டனையும். செனட் இடங்களுக்கான இரண்டிரண்டைக் கழித்துவிட்டால் புஷ்ஷுக்கு 211, கோருக்கு 225. கோர் வென்றிருப்பார். 2016இலும் மாநிலக் கணக்கு அதே 30, 20தான். வாக்குப்பதிவு தந்த 306, 232 என்ற கணக்கில் அதே கழித்தலைச் செய்தால் டிரம்புக்கு 246, கிளிண்டனுக்கு 190. அப்போதும் டிரம்பே வென்றிருப்பார். அதாவது 2016இல் முடிவைத் திருப்பியது முதலில் வருபவருக்கே முழுவதும் என்ற விதி. கலிஃபோர்னியாவில் மட்டும் கிளிண்டன் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முந்தினார். வென்றபின் விழுந்த ஒவ்வொரு வாக்கும் அந்த விதியின்படி பயனற்றது.

இந்த விதி ஒரு கட்சியை மட்டும் பாதிப்பதில்லை. 2020இல் டிரம்புக்கு அதிக வாக்கு தந்த மாநிலம் கலிஃபோர்னியா. 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அவருக்கு வாக்களித்தார்கள். அவர் வென்ற டெக்சாஸில்கூட 59 லட்சத்துக்குக் கீழேதான். அந்த 60 லட்சம் பேருக்கும் ஒரு தேர்வாளர்கூட இல்லை. 2004இல் ஜார்ஜ் புஷ் நாடு முழுவதும் 30 லட்சம் வாக்குகள் முந்தியிருந்தார். ஒஹையோவில் சுமார் 60 ஆயிரம் பேர் மாற்றி வாக்களித்திருந்தால் ஜான் கெரி அதிபராகியிருப்பார்.

ஆதரவாளர்களின் வாதம்

தேர்வாளர் முறையை ஆதரிப்போரின் வாதங்களைப் புறந்தள்ளக் கூடாது. அமெரிக்கா மாநிலங்களின் கூட்டாட்சி என்கிறார்கள். ஒரே வட்டாரத்தின் ஆதரவில் யாரும் அதிபராகாதபடி இது தடுக்கிறது என்கிறார்கள். தகராறு வந்தால் ஒரு மாநிலத்தோடு அடங்கும் என்கிறார்கள். கடைசி வாதத்துக்கு வலு உண்டு. நாடு தழுவிய மறு எண்ணிக்கை பெரும்பாடுதான். ஆனால் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கினால் 537 வாக்கில் தொங்கும் முடிவு வருவதே அரிது. கூட்டாட்சியைக் காக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம் தரும் செனட் இருக்கிறது. சிறிய மாநிலங்களைப் பிரசாரத்தில் இந்த முறை காப்பாற்றுவதும் இல்லை. 2024இல் இரு வேட்பாளர்களும் சுற்றிச் சுற்றி வந்தது பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு மாநிலங்களைத்தான். வயோமிங்கும் வெர்மான்ட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அர்ஜென்டினா 1994இல் அரசியலமைப்பைத் திருத்தித் தேர்வாளர் முறையைக் கைவிட்டது. ஃபின்லாந்து அதே ஆண்டு முதல் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. அந்த நாடுகளில் கூரை இடிந்து விழவில்லை.

மாற்றம் நின்ற இடம்

அமெரிக்காவும் ஒருமுறை அந்த வாசல்வரை போனது. 1968இல் இனப் பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர்களைப் பெற்றார்; யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போகுமோ என்று இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அச்சம் பிறந்தது. செனட்டர் பர்ச் பே முன்னெடுத்த நேரடித் தேர்தல் திருத்தத்தை 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் 70 பேர் மட்டுமே. அதிபர் நிக்சனும் ஆதரவு தெரிவித்தார். 1970இல் செனட்டில் ஸ்ட்ரோம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், சாம் எர்வின் போன்ற தென்மாநிலச் செனட்டர்கள் விவாதத்தை முடிக்கவிடாமல் நீட்டினார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. 1890இன் வாக்குரிமை மசோதாவைக் கொன்ற அதே ஆயுதம், அதே திசையிலிருந்து.

1979இல் திருத்தம் மறுபடி வந்தபோது கறுப்பினத் தலைவர்கள் சிலரே அதை எதிர்த்தார்கள். போட்டி நெருக்கமான வடக்கு மாநிலங்களின் நகரங்களில் தங்கள் வாக்குகளுக்குத் தேர்வாளர் முறை பேரம் பேசும் பலம் தருகிறது என்பது அவர்கள் கணிப்பு. நியாயமான அச்சம்தான். ஆனால் தெற்கில் வாழும் லட்சக்கணக்கான கறுப்பின வாக்காளர்களின் குரல், முதலில் வருபவருக்கே முழுவதும் என்ற விதியால் அதிபர் தேர்தலில் பதிவாகாமல் போவதற்கு அதில் பதில் இல்லை.

இப்போது நடக்கும் முயற்சி வேறு வகை. மொத்த வாக்கில் வென்றவருக்கே தம் தேர்வாளர்களைத் தருவோம் என்று மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2007இல் மேரிலாண்ட் தொடங்கியது. 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது எண்ணிக்கை 209 ஆனது. 270ஐத் தொட்டால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கோ இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

இரண்டில் எந்த வழியில் போனாலும் ஐந்து தேர்தல்களின் பாடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். 2000உம் 2016உம் ஒவ்வொரு வாக்குக்கும் சம எடை வேண்டும் என்கின்றன. 1876உம் 1888உம், வாக்களிக்கும் உரிமை காக்கப்படாத இடத்தில் கூட்டுத்தொகை பொய் சொல்லும் என்கின்றன. 1824, பெரும்பான்மை கிடைக்காதபோது மறுபடி மக்களிடமே போக வேண்டும் என்கிறது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பாதுகாப்பு ஒன்றை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்த பிறகு, இரண்டாவது பாடம் இன்னும் அவசரமாகியிருக்கிறது.

நேரடித் தேர்தலின் மிகப் பெரிய பலனும் அங்கேதான் இருக்கிறது. தேர்வாளர் முறையில் தன் குடிமக்களைத் தடுக்கும் மாநிலம் எதையும் இழப்பதில்லை. மொத்த வாக்கே அதிபரைத் தீர்மானிக்குமானால், தடுக்கப்படும் ஒவ்வொரு வாக்காளரோடும் அந்த மாநிலத்தின் செல்வாக்கும் குறையும். அழைத்து வரப்படும் ஒவ்வொருவரோடும் கூடும். வாக்காளரை விரட்டுவதில் இலாபம் இல்லாத தேர்தல் முறையே ஜனநாயகத்துக்குத் தேவை. தேர்வாளர் குழு போக வேண்டும் என்பதற்கு, தோற்றுப்போன ஐந்து வேட்பாளர்களின் கதையைவிட இதுவே வலுவான காரணம்.